மோத்துலோவாவின் மூச்சுக் கணக்கு

நாகரிக உலகில் மூச்சு விடுவதை ஒரு நிர்வாகப் பொறுப்பாக ஏற்று நடத்திய முதல் மக்கள் என்ற அழியாப் புகழ், துவாலு நாட்டின் மோத்துலோவா தீவைச் சேர்ந்த நூற்று நாற்பது பேருக்கே உரியது. மற்ற நாட்டார் இன்றும் கேட்பாரின்றி, படிவம் ஏதும் நிரப்பாமல், இஷ்டத்துக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் புகழ் அவர்கள் கேட்டு வந்ததல்ல. அவர்கள் கேட்டது ஒரு கடற்சுவர். தெற்கு முனையில் கடல் ஆண்டுக்கு ஆண்டு உள்ளே வந்து, புலாகாக் கிழங்குக் குழிகளில் உப்பேற்றிவிட்டு, இப்போது இடுகாட்டின் ஓரத்தில் நின்றது. பள்ளிக்கூட உயிரியல் ஆசிரியை வலிசியின் கணவன் லோத்தோஆலா அங்கேதான் படுத்திருந்தான். போன வருடம் அவன் கால்மாட்டிலிருந்து கடல் பதினோரு அடி. இந்த வருடம் ஏழு. ஞாயிறுதோறும் பூ வைக்கப் போகும்போது வலிசி அடி வைத்து அளந்து பார்ப்பாள். யாரிடமும் சொல்லமாட்டாள்.

ஆண்கள் தினமும் மாலையில் பவளப்பாறைக் கற்களைச் சுமந்துபோய் அங்கே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அது சுவர் அல்ல, சுவர் வரும்வரைக்குமான சமாதானம்.

நான்கு ஆண்டு மனுக்களுக்குப் பிறகு, மெல்போர்னில் உள்ள ‘தென்கடல் பசுமைச் சமநிலை நிதியம்’ மனமிரங்கியது. முதற்கட்டமாக, சுவருக்குப் பதில் ஒரு நிபுணரை அனுப்பியது. பெயர் ஆலிஸ்டர் பிங்கம். தங்கமான மனிதர். ஊதினால் எண் காட்டும் கருவி ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

ஊர் மன்றத்தில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் அறிவித்தார்: “சுவர் உறுதி. ஆனா உங்க விண்ணப்பத்துல பதினாலாவது பத்தி காலியா இருக்கு. ‘உயிர்வழிக் கரி வெளியேற்றம்’. நீங்க எவ்வளவு மூச்சு விடறீங்கன்னு எழுதணும். அப்புறம் அதுல இருபது சதவீதம் குறைச்சுக் காட்டணும்.”

தலைவர் நியுவாதுய் வலிசி பக்கம் திரும்பினார். “மூச்சுல எங்கேம்மா கரி வந்துச்சு? நாம என்ன அடுப்பா?”

“ஒரு விதத்துல அடுப்புதான், தலைவரே,” என்றாள் வலிசி. “காலையில குடிச்ச தென்னம்பதநீர்ல சக்கரை இருக்கு. அது குளுக்கோஸா மாறி ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் போகுது. அங்க முதல்ல ரெண்டா உடையும். அப்புறம் மைட்டோகாண்ட்ரியான்னு உள்ளறை ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள போயி, நாம இழுத்த ஆக்சிஜனை வச்சு, நெருப்பில்லாம கொஞ்சம் கொஞ்சமா எரியும். கெடைக்கிற சக்தியை ஏடிபின்னு சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி வச்சுக்குவோம். மிச்சம் வர்ற கரிவாயுவைத்தான் வெளிய விடறோம்.”

“ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை பொட்டலம்?” என்று கேட்டார் தலைவர்.

“பழைய புத்தகத்துல முப்பத்தெட்டுன்னு இருந்துச்சு. இப்ப முப்பது, முப்பத்திரண்டுன்னு சொல்றாங்க.”

மன்றத்தில் சலசலப்பு. செயலாளர் செமு எழுந்தான். லோத்தோஆலாவின் தம்பி, எதையும் சந்தேகத்தோடு பார்ப்பதற்கென்றே செயலாளராக்கப்பட்டவன். “மிச்சம் ஆறு எட்டை யார் எடுத்தது, அண்ணி?”

“யாரும் எடுக்கலடா. முன்னாடி எண்ணினது தப்பு.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க,” என்று செமு குறித்துக்கொண்டான்.

“ஆக்சிஜன் இல்லாம உடைக்க முடியாதா?” என்று நிபுணர் ஆர்வமாகக் கேட்டார்.

“முடியும். ரெண்டே பொட்டலம் கெடைக்கும். தசையில அமிலம் சேரும், கரிவாயு வராது. அப்படியே ரெண்டு மூணு நிமிஷம் உயிரோட இருக்கலாம்.”

“முன்னோட்டத் திட்டமா வச்சுக்கலாம்,” என்று அவர் எழுதிக்கொண்டார்.

வலிசிக்கு எரிச்சல் வந்தது. “சார், இந்தக் கரி பதநீர்ல இருந்து வந்தது. தென்னை அதைக் காத்துல இருந்துதான் எடுத்துச்சு. நாங்க காத்துக்கே திருப்பிக் குடுக்கறோம். புதுசா எதையும் சேர்க்கல.”

“அருமையான கருத்து, டீச்சர். ஆனா தென்னைமரம் வேற துறை.”

அன்றே வலிசி ‘சுவாச ஒருங்கிணைப்பாளர்’ ஆனாள். எல்லாரையும் ஊதவைத்து எண் குறிப்பது வேலை. மறுத்திருப்பாள், ஏழடி ஞாபகம் வந்தது. ஒப்புக்கொண்டாள்.

நிபுணர் தலைநகரில் விமானம் பிடிக்கப் படகேறியதும் தீவு கடமையில் இறங்கியது. ஊர்கூடி ஆடும் ஃபாதேலே நடனம் உட்கார்ந்தபடி, கையை மட்டும் ஆட்டி நடந்தது. பந்தாட்டத்தில் பந்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, பந்து வரும்வரை காத்திருக்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. தேவாலயத்தில் பாட்டுக்கு முதல் அடி மட்டும். பிரசங்கத்தையும் குறைக்கலாமே என்று செமு கேட்டதற்கு, “அது ஒரு வாய்தான். நீங்க தூங்கும்போது குறைவாத்தானே மூச்சு விடறீங்க? அதுல ஈடாயிடும்,” என்றார் போதகர். அறிவியலும் சமயமும் இவ்வளவு ஒத்துப்போனது அந்தத் தீவில் அதுவே முதல் தடவை.

எல்லாவற்றிலும் அதிகமாக மூச்சு செலவான காரியம் எது என்பதையும் கருவி கண்டுபிடித்தது: கல் சுமப்பது. மன்றம் கூடி, கடற்சுவரின் நலன் கருதி, கடற்கரையில் கல் அடுக்குவதைத் தடை செய்தது.

மூன்று மாதத்தில் இருபத்தொரு சதவீதம் குறைந்தது. வலிசி அறிக்கை அனுப்பினாள். அந்த ஞாயிறு அளந்தபோது மூன்றடி.

அடுத்த பௌர்ணமிக்குப் பேரலை வந்தது. பட்டப்பகல். அடுக்கியிருந்த கற்களை நாய்க்குட்டியைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டுத் தண்ணீர் இடுகாட்டுக்குள் நுழைந்தது. செமு ஓடிவந்தபோது வலிசி முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கருவி கழுத்தில் தொங்கியது.

“அண்ணி, அளவு தாண்டிடும். சுவர் போயிடும்.”

“சுவர் எப்ப வருமோ. உங்கண்ணன் இப்பப் போறாரு. அந்தப் பக்கம் பிடிடா.”

செமு ஒரு கணம் தண்ணீரைப் பார்த்தான். பிறகு பிடித்தான். சற்று நேரத்தில் நியுவாதுய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். போதகர் வந்தார். பெண்கள் பாய்களில் மணலை அள்ளிக்கொண்டு வந்தார்கள். நூற்று நாற்பது பேருடைய கோடானுகோடி செல்களிலும் காலையில் குடித்த பதநீர் சட்டவிரோதமாக எரிந்தது. யாரோ பாட்டை எடுத்தார்கள். நான்கு அடியும் முழுதாகப் பாடினார்கள். தண்ணீர் இறங்கியபோது இரண்டு கல்லறைகள் போயிருந்தன. லோத்தோஆலா இருந்தான். வலிசி அந்த ஈரமண்ணிலேயே உட்கார்ந்து, வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

அன்றைய எண்ணையும் அவள் மறைக்காமல் அனுப்பினாள். ஆறு வாரம் கழித்து வந்த கப்பலில் பதில் வந்தது. மன்றத்தில் செமு வாசித்தான்:

“தங்கள் மூன்று மாதக் குறைப்பு உளமாரப் பாராட்டத்தக்கது. நிபுணர் திரு. பிங்கம் தங்கள் தீவுக்கு வந்து திரும்பிய விமானப் பயணத்தின் கரிக்கு ஈடாக அது முழுவதும் எங்கள் பெயரில் வரவு வைக்கப்பட்டுள்ளது. இரண்டும் சரியாகப் பொருந்தியதில் மகிழ்ச்சி. எனினும், பேரலை நாளன்று தாங்கள் காட்டிய கட்டுப்பாடற்ற சுவாசம் வருந்தத்தக்கது. எனவே சுவர் ஒத்திவைக்கப்படுகிறது. முறையாக மூச்சு விடப் பயிற்சியளிக்க, நிபுணர்கள் மூவர் விமானத்தில் வருவார்கள். அதற்கான குறைப்பை முன்கூட்டியே தொடங்கவும்.”

செமு கடிதத்தை மடித்து வைத்தான். மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏதாவது மரியாதையா எழுதிடும்மா,” என்றார் நியுவாதுய்.

வலிசி தாளை வாங்கி, மரியாதையாகவே, இரண்டு வரி எழுதினாள்:

“ஐயா, கல் தூக்கி மூச்சு வாங்கியது நாங்கள். எங்கள் மூச்சை வாங்கியது நீங்கள்.”