பழுப்பு ஸ்வெட்டர் விஷயமாக ஆசிரியருக்கு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழைப் பத்தொன்பது வருடங்களாக அட்டை முதல் அட்டை வரை, பல்பொடி விளம்பரத்தைக்கூட விடாமல் படித்துவரும் ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் நலம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். முப்பத்தாறாம் பக்கத்தில் 'அலமாரித் தோழி' என்ற பெயரில் உடை, வீட்டு அலங்காரம் பற்றியெல்லாம் எழுதிவரும் அம்மணியும் நலமாக இருக்கட்டும், ஆனால் எழுதாமல் இருக்கட்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை பார்த்தவன் நான். மூன்று பேர் கண் பட்டுத் தேறாமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போகாது என்பதை அறிந்தவன் ஆதலால், அச்சில் வந்ததை அப்படியே நம்புவேன், நம்புவதோடு நிற்காமல் செய்தும் விடுவேன். பேருந்துச் சீட்டின் பின்பக்க விதிகளைப் படித்துவிட்டுத்தான் உட்காருவேன். வாயால் சொல்வது அப்படியில்லை, அதை யார் சரிபார்த்தார்கள்? என் மனைவி வாயால் சொன்னது எதையும் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை என்று அவளே சொல்வாள். அதையும் வாயால்தான் சொல்வாள்.

மழைக்காலம் தொடங்கிய வாரம் அம்மணி எழுதினார்: "வெளியே வானம் மங்கும்போது வீட்டுக்குள் ஒரு சுவராவது சிரிக்கட்டும்." காலை ஒன்பது மணிக்குப் படித்தேன், பதினொரு மணிக்கு வாளியும் பிரஷ்ஷுமாக ஹாலில் நின்றேன். எந்த நிறம் என்று எழுதியிருக்கவில்லை. பெயின்ட் கடைக்காரரிடம், "சிரிக்கிற நிறமா ஒண்ணு குடுங்க" என்றேன், அவர் ஆரஞ்சைக் கொடுத்தார். அந்த மழையில் சுவர் காய நாலு நாள் ஆனது, அதற்குள் சாய்ந்து உட்கார்ந்த எல்லார் முதுகிலும் அது சிரித்தது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்று, "சார், உள்ள ஏதாவது தீப்பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். என் மனைவி மட்டும் சண்டைக்கு வரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "லேசான மஞ்சள்னு தெளிவா எழுதியிருக்கணும்" என்று தனக்குள் முணுமுணுத்தாள். அவளும் என் கட்சிதான் என்று எனக்குத் தெம்பாக இருந்தது. அடுத்த வாரம், "பெரிய கண்ணாடி ஒன்று மாட்டினால் சின்ன ஹாலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு அறை கிடைத்த மாதிரி இருக்கும்" என்று வந்தது. மாட்டினேன். ஊரிலிருந்து வந்த என் மச்சினன் அந்த இன்னொரு அறைக்குள் போகப் பார்த்து மூக்கை உடைத்துக்கொண்டான். "எதிர்ல வந்த ஆளு கொஞ்சம்கூட ஒதுங்கலை மாமா" என்று இன்றுவரை அந்த ஆள்மேல் கோபமாக இருக்கிறான்.

இதெல்லாம் போகட்டும். "குளிர் தொடங்குகிறது, கழுத்தில் ஒரு நிறம் சேருங்கள்" என்றார் அம்மணி. நானும் பச்சையில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மஃப்ளர் வாங்கிச் சுற்றிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். தானாக மூடும் கதவு தானாக மூடிக்கொண்டது, மஃப்ளரின் பாதி வெளியே. கண்டக்டர், "பெரியவரே, படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்றார். "போகலாம் தம்பி, ஆனா கழுத்து வர மாட்டேங்குது" என்றேன். அடுத்த நிறுத்தங்களில் எல்லாம் பின்கதவு மட்டுமே திறந்ததால் கடைசி நிறுத்தம் வரை கதவோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டே பயணம் செய்தேன். அப்போதும் நான் அம்மணியைக் குறை சொல்லவில்லை. அச்சில் வந்ததைச் சரியாகச் செய்யத் தெரியாதது என் குற்றம் என்றே இருந்தேன்.

ஆனால் சென்ற வாரம் வந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. "உங்கள் வீட்டு ஆணிடம் பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் இருக்கும். அதன் ஒரு கை இன்னொன்றைவிட நீளமாக இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அது வீட்டைவிட்டு வெளியேறட்டும்" என்று எழுதியிருக்கிறார். அந்த ஸ்வெட்டர் என்னுடையது ஆசிரியர் அவர்களே. கல்யாணமான முதல் குளிருக்கு என் மனைவி பின்னியது. வலது கையைச் சரியாக முடித்தாள், இடது கைக்கு வரும்போது கணக்கு தப்பி நாலு விரல்கடை நீண்டுவிட்டது. அன்றைக்கே ஊசிகளைப் பரணில் போட்டவள் அப்புறம் தொடவில்லை. இருபத்தாறு குளிர்காலமாக நான் அதைத்தான் போடுகிறேன். குளிரில் விரல் விறைக்கும் நாட்களில் அந்த நீளக் கையை இறக்கிவிட்டு இடது கையால் பக்கத்தைப் பிடித்துக்கொள்வேன், வலது கையால் திருத்துவேன். என் தொழிலில் நான் கண்டும் திருத்தாமல் விட்ட ஒரே பிழை அது. எனக்கென்று உட்கார்ந்து அதற்குமுன் யாரும் ஒன்றும் செய்து கொடுத்ததில்லை. இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன், தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

இந்த விவரம் அம்மணிக்கு எப்படிப் போனது என்று விசாரித்தேன். கீழ்வீட்டுத் தையல்காரர்தான் அந்தக் கையை வெட்டித் தருகிறேன் என்று வருடாவருடம் கேட்பவர். நேரே போய், "அலமாரித் தோழி நீர்தானே?" என்றேன். "எழுத எனக்கு நேரம் இருந்தா உங்க பேன்ட்டு போன மாசமே ரெடியாகியிருக்கும் சார்" என்றார். அது நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டிலிருப்பது நாங்கள் இரண்டே பேர். என் மனைவிக்கோ ஞாயிறுதோறும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் அக்காவுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதவே பொழுது போதவில்லை. அந்த அக்கா இதுவரை ஒரு வரி பதில் போட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே நான் முடிவாகச் சொல்வது: ஸ்வெட்டர் போகாது. அச்சில் வந்த ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாக மீறப்போகிறேன், அதனால் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. எனவே அம்மணியின் பகுதியை உடனே நிறுத்துவதோடு, "பழுப்பு ஸ்வெட்டரை வைத்துக்கொள்ளலாம்" என்று கட்டம் கட்டி ஒரு திருத்தம் வெளியிட்டால் நானும் மனச்சாட்சியோடு போட்டுக்கொள்வேன். இல்லையென்றால் பத்தொன்பது வருடச் சந்தா இந்த இதழோடு முடிந்தது. அம்மணியே நேரில் வந்து நின்றாலும் இதிலிருந்து இம்மியும் இறங்க மாட்டேன்.

தங்கள் இதழ் பிழையில்லாமல் வெளிவந்து பல்லாண்டு தழைக்க வயதில் மூத்தவன் என்ற முறையில் ஆசி கூறி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்

பின்குறிப்பு: தன் எழுத்தைத் தானே மெய்ப்புப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆகவே இதை என் மனைவியிடம் கொடுத்தேன். நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். முடித்துவிட்டு, "அவங்க ஆபீஸ் மாறி ஒரு வாரம் ஆச்சு, இதழ்ல இன்னும் போடலை. கவர்ல பழைய அட்ரஸ் போட்டிருக்கீங்க" என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்றேன். "வாரா வாரம் நான்தானே அனுப்பறேன்" என்றாள். கையிலிருந்த கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இருபத்தாறு வருஷமா வாயால சொன்னேன், கேட்டீங்களா? அச்சுல வந்த அன்னைக்கே வாளியத் தூக்கினீங்க. எனக்கு வேற என்ன வழி?" என்றாள். ஸ்வெட்டர்மேல் உனக்கென்ன கோபம் என்று கேட்டேன். "நான் கெடுத்த கைய ஊர் பூரா காட்டிட்டு வர்றீங்கன்னு நினைச்சேன். இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சொல்லி அழுதுவிட்டாள். கண்ணைத் துடைக்க நான் போட்டிருந்த ஸ்வெட்டரின் அந்த நீளக் கைதான் உதவியது. எனவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பகுதியைத் தயவுசெய்து நிறுத்த வேண்டாம், சந்தாவும் தொடரும். பழுப்பு ஸ்வெட்டரை வைத்துக்கொள்ளலாம் என்று அம்மணி சமையலறைக் கதவைத் திறந்துவைத்தே எழுதிய கட்டுரை இத்துடன் இருக்கிறது. பிழை பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை. கொஞ்சம் சீக்கிரம் அச்சிடுங்கள், அது அச்சில் வரும்வரை ஸ்வெட்டரைத் தொடக் கூடாது என்று கழற்றி வாங்கி அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாள், இங்கே குளிர் தாங்கவில்லை.