உள்ளொலிப் பலகையும் என் வலது கையும்

தேசிக்காய் வெட்டிப் பேய் ஓட்டுகிறவனிடம் போனால் அதற்குப் பெயர் மூடநம்பிக்கை. அதையே ஒருவன் சூமில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பவர்பொயின்ற் போட்டுச் செய்தால் அதற்குப் பெயர் தொழில்சார் மேம்பாடு. முதலாவதை எதிர்த்து நான் மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். இரண்டாவதற்குக் கட்டணம் கட்டிச் சேர்ந்தேன்.

என் பெயர் பிரகலாதன். தெய்வ பக்தனின் பெயரை அப்பா ஆசையாக வைத்தார். நானோ குடும்பத்தோடு கோயிலுக்குப் போனால் வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருக்கிற ஆள். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறுவர் நிலையத்தில் பேச்சுச் சிகிச்சையாளராக வேலை. பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேசப் பழக்குவேன். பேச்சே வராவிட்டால் வேண்டியதை வேறு வழியில் கேட்கப் பழக்குவேன். பின்னேரங்களில் பகுத்தறிவு மன்றத்தின் பேச்சாளர். பகலில் மற்றவர்களின் வாயைத் திறக்கிறவர், பின்னேரம் தன் வாயை மூடாதவர் என்று மனைவி சொல்லுவாள்.

அந்த விளம்பரம் எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே நாளில் வந்து விழுந்தது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் இனி மனம் திறப்பார்கள். சிகிச்சையாளர்களுக்கான இணையவழிப் பயிற்சி. உள்ளொலி முறை. சர்வதேசச் சான்றிதழ். நடத்துகிறவர் கலாநிதி எமில்ராஜ். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் பெரிய புத்தக அலுமாரி இருந்தது. அவர் தலையாட்டும் போதெல்லாம் காதுக்குப் பக்கத்தில் இரண்டு புத்தகங்கள் காணாமல் போய்த் திரும்பி வந்தன. எதில் கலாநிதிப் பட்டம் வாங்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆள் வெளிநாட்டில் இருக்கிறார், இங்கிலீசு கலந்து கதைக்கிறார். அதற்கு மேல் யாழ்ப்பாணத்தானுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

பண்டத்தரிப்பிலிருந்து அரியாலை வரைக்கும் சனம் திரண்டது. உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்கள், தொழில்வழிச் சிகிச்சையாளர்கள், விசேட கல்வி ஆசிரியர்கள், தாதிமார். சூம் திரை நிரம்பி அடுத்த பக்கத்துக்கும் வழிந்தது. ஒருவருடைய ஒலிவாங்கியில் சேவல் கூவியது, இன்னொருவருடையதில் குக்கர் விசிலடித்தது. ஒவ்வொரு பேசாத பிள்ளைக்குள்ளும் ஒரு ஞானி பூட்டப்பட்டிருக்கிறான், அந்தப் பூட்டின் திறப்பு உங்கள் கையில் இருக்கிறது என்று கலாநிதி தழுதழுத்தார். அரட்டைப் பெட்டியில் கும்பிடுகிற கைகள் வந்து கொட்டின. நானும் ஒன்று போட்டேன். கும்பிடுகிற கையை. நான்.

முறை மிகவும் இலகுவானது. பிள்ளைக்கு முன்னால் எழுத்துப் பலகையை வைக்க வேண்டும். நாங்கள் பிள்ளையின் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். விரல் தானாகவே எழுத்து எழுத்தாகப் போய்ப் பிள்ளையின் உள்ளத்தைச் சொல்லிவிடும். எழுத்தே படிக்காத பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே எல்லாம் இருக்கிறதாம். சந்தேகப்பட்டால் மட்டும் விரல் உறைந்துவிடும். சோதித்துப் பார்த்தாலோ பிள்ளை மனமுடைந்து நிரந்தரமாக மௌனமாகிவிடும்.

நம்பிக்கையில்லாதவன் பக்கத்தில் நின்றால் அம்மன் இறங்கமாட்டாள் என்று குறி சொல்கிறவன் சொல்வான். அந்த வசனத்துக்காக அவனை நான் மேடையில் வறுத்து எடுத்திருக்கிறேன். அதையே எமில்ராஜ் சொன்னபோது குறிப்பு எடுத்தேன். கீழே கோடும் போட்டேன்.

பலகை நிலையத்துக்கு வந்தது. அதிசயம் தொடங்கியது. எட்டு வயதுப் பிள்ளையொன்று என் கையின் தாங்கலில், பிழையில்லாத செந்தமிழில், தான் டொக்டராக வர விரும்புவதாக எழுதியது. தாய் தரையில் இருந்து அழுதார். அடுத்த பிள்ளை எஞ்சினியர். அதற்கடுத்ததும் டொக்டர். குடாநாட்டில் பேசாமல் இருந்த அத்தனை பிள்ளைகளும் வாய் திறந்ததும் பல்கலைக்கழக அனுமதி பற்றித்தான் கதைத்தார்கள். ஒரு பிள்ளையாவது ஐஸ்கிறீம் கேட்கவில்லை. ஒரு பிள்ளையாவது இந்த மாமாவைப் பிடிக்கவில்லை என்று எழுதவில்லை. அது எனக்கு உறைக்கவேயில்லை. நிலைய வாசலில் வரிசை நின்றது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்கிற சனத்தைப் பார்த்தால் பகுத்தறிவாளனுக்கும் நெஞ்சு கொஞ்சம் விரியத்தான் செய்யும்.

அந்த வரிசையில்தான் நளீபா ரீச்சரும் கணவர் நஸ்ருதீனும் மகன் நுஸ்கியும் வந்தார்கள். ரீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பமொன்றில் புத்தளத்தில் பிறந்து, குடும்பம் ஊர் திரும்பியபோது கூட வந்தவர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். நுஸ்கிக்கு ஒன்பது வயது, பேச்சு இல்லை. ஆனால் என்னிடம் பழகி, ஒட்டியிருக்கும் பட அட்டைகளில் வேண்டியதைப் பிய்த்துக் கையில் தர அறிந்திருந்தான். தண்ணீர்ப் படம், ஊஞ்சல் படம், கழிப்பறைப் படம், நோகிறது என்பதற்கு முகம் சுளித்த படம். மாதக் கணக்கில் பாடுபட்டுப் படித்தவை அவை. பட அட்டைகள் பிள்ளையின் அறிவுக்கு அவமானம் என்று கலாநிதி சொல்லியிருந்தார். ஆகையால் அவற்றைக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்தேன். ஏறி வைத்தது நானேதான்.

பலகையில் நுஸ்கியின் முதல் வசனம், "அம்மா, என்னை நினைத்து அழாதீர்கள்." நஸ்ருதீன் அழுதுவிட்டார். ரீச்சரும் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவன் பிறந்ததிலிருந்து வீட்டில் உம்மா என்ற சொல்லைத்தானே கேட்டு வளர்ந்தான், அம்மா என்று ஏன் எழுதினான் என்று கேட்டார். நான் கலாநிதிக்குச் செய்தி அனுப்பினேன். உள்ளொலிக்குச் சமூக வேறுபாடு கிடையாது என்று பதில் வந்தது. அதைக் கேட்டு மெய்சிலிர்த்தேன். அடுத்த முறை பலகை "உம்மா" என்றே எழுதியது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. ரீச்சரின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அவர் மகனைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நுஸ்கி தன் கன்னத்தில் தானே அடிக்கத் தொடங்கினான். சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். தம்பியைக் கடித்தான். எங்கேயாவது நோகிறதா என்று ரீச்சர் பலகையிடம் கேட்டார். விரல் போனது. "உடல் நோகவில்லை. மனம்தான் நோகிறது. சாதாரண வகுப்பில் சேர்த்துவிடுங்கள். நான் புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டும்." வசனத்தின் அழகில் நானே ஒரு கணம் மயங்கினேன். நஸ்ருதீன் அன்றைக்கே ரியூசன் மாஸ்ரரைத் தேடி ஓடினார். வைத்தியரிடம் காட்டுவோம் என்று மனைவி சொன்னதற்கு, பிள்ளை தன் வாயாலேயே நோகவில்லை என்று சொன்ன பிறகு எதற்கு என்று கேட்டாராம். தன் வாயாலேயே. பிள்ளையோ கன்னம் சிவக்கச் சிவக்க அடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் ரீச்சர் ஒரு பையோடு வந்தார். மகனோடு கணவரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். ஒரு சின்னச் சோதனை செய்ய வேண்டும் என்றார். எனக்குக் கலாநிதியின் குரல் காதில் கேட்டது.

"ரீச்சர், சோதிச்சால் பிள்ளை அதோடை எழுதாமல் விட்டிடும் எண்டு பயிற்சியிலை சொன்னவை."

"அளவெட்டியில நீங்க பேசின வீடியோவ எங்கட ஸ்கூல் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறன், சேர். குறி சொல்றவன்ட்ட அவனுக்குத் தெரியாத ஒண்டக் கேளுங்க எண்டு சொன்னீங்க. இப்ப உங்களுக்குத் தெரியாத ஒண்ட நுஸ்கிட்டக் கேளுங்க. அவ்வளவுதான்."

அளவெட்டிப் பேச்சுக்கு எனக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். அந்த வசனத்துக்குத்தான் பலத்த கைதட்டல். மறுக்க வழியில்லாமல் பலகையை எடுத்து வைத்தேன்.

முதலில் ரீச்சர் என் கண்ணுக்கு முன்னாலேயே நுஸ்கியிடம் ஒரு பந்தைக் கொடுத்தார். பலகை "பந்து" என்றது. நான் நஸ்ருதீனைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தேன். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது பொருள் பைக்குள் போய்விட்டது. உன் கையில் என்ன இருந்தது என்று உம்மா கேட்டார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். விரல் அசையவில்லை. பையின் ஓரத்தில் வாழைப்பழத்தின் காம்பு தெரிந்தது. விரல் உடனே "வா" என்ற எழுத்துக்கு ஓடியது. வாழைப்பழம் என்று எழுதி முடித்தது. ரீச்சர் பையிலிருந்து ஒரு திறப்புக் கோர்வையை எடுத்துக் காட்டினார். அவன் கையில் இருந்தது அதுதான்.

மூன்றாவது முறை எனக்கு மட்டும் ஒரு படத்தைக் காட்டினார். நுஸ்கிக்கு வேறு படம். என்னுடையது யானை. பலகை "யானை" என்றது. நுஸ்கி பார்த்தது பேருந்து. அவன் இந்த நேரம் முழுவதும் பலகையைப் பார்க்கவேயில்லை; மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் எப்போதுமே அப்படித்தான் இருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் பலகையைப் பார்த்தது நான் ஒருவன் மட்டுமே.

நான் தள்ளவில்லை. சத்தியமாகத் தெரிந்துகொண்டு தள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கிளாசைக் கவிழ்த்து விரல் வைத்து ஆவி கூப்பிடுவோமே, அங்கேயும் யாரும் தள்ளுவதில்லை, கிளாஸ் மட்டும் போகும். மனம் எதை நினைக்கிறதோ அந்தப் பக்கம் கை தனக்கே தெரியாமல் சாயும். இதையும் நான் ஒரு மேடையில் விளக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு தாய் நோகிறதா என்று மகனிடம் கேட்டிருக்கிறார். நோகவில்லை என்று பதில் சொன்னவன் நான்.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அட்டைகளை இறக்கினேன். கட்டை அவிழ்க்க முன்னமே நுஸ்கி பாய்ந்து வந்து பிடுங்கினான். தண்ணீர்ப் படத்தைத் தள்ளினான், ஊஞ்சலைத் தள்ளினான். முகம் சுளித்த படத்தை இழுத்து எடுத்து உம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் அழுத்தினான். யாரும் அவன் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. பல் வைத்தியர் பார்த்தபோது கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. ரீச்சர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கலாநிதியின் நிறைவு வகுப்பு அந்தக் கிழமையே வந்தது. அவர் ஒரு சிறுவனைப் பக்கத்தில் இருத்தி, மணிக்கட்டைப் பிடித்து, ஈழத்துச் சிகிச்சையாளர்களுக்கு அவன் தரும் வாழ்த்துச் செய்தியை எழுத வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒலிவாங்கியைத் திறந்து நடந்ததைச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"ஐயா, ஒருக்கால் உங்கடை கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கோ. எழுதுறது பிள்ளைதானே, பிள்ளை பார்க்கட்டும்."

என் சந்தேகத்தின் குளிர் அவருடைய நாடு வரைக்கும் வருகிறது என்று அவர் வருத்தப்பட்டார். எதிர்மறை எண்ணக்காரரை வெளியேற்றுங்கள் என்று அரட்டைப் பெட்டியில் என் சகபாடிகள் பொங்கினார்கள். அதற்குள் பண்டத்தரிப்பு உதயகலா, உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிறவர், மூடினால் என்ன குறைந்துவிடும், மூடிக் காட்டுங்கள் என்றார். இன்னும் சில குரல்கள் சேர்ந்தன. கலாநிதி தெய்வீகமாகச் சிரித்துக் கண்ணை மூடினார். விரல் சரியாகவே போனது. அப்போது உதயகலா நிதானமாகச் சொன்னார்.

"ஐயா, மற்றக் கண்ணையும் மூடுங்கோ."

மூடினார். விரல் பலகையில் தடுமாறி, அர்த்தமில்லாத நாலு எழுத்தைத் தொட்டு, பலகையை விட்டு வெளியே மேசையில் போய் நின்றது. சிறுவன் மேசையில் இருந்த பிஸ்கற்றை எடுத்துச் சாப்பிட்டான். அன்று அந்தத் திரையில் தன் சொந்த விருப்பத்தைத் தெரிவித்த ஒரே ஆள் அவன்தான். இணைப்பில் கோளாறு என்று சொல்லிக் கலாநிதி சிறுவனையும் கூட்டிக்கொண்டு எழுந்து போனார். ஆள் போன பிறகும் புத்தக அலுமாரிப் படம் மட்டும் திரையில் நின்றது. கொஞ்ச நேரம் நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழக்கதோசத்தில் ஒருவர் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

பலகையால் எழுதுவித்த அத்தனை குடும்பங்களுக்கும் நான் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னேன். சிலர் நம்ப மறுத்தார்கள். சிலர் திட்டினார்கள். அரியாலையில் ஒரு தகப்பன், கடலுக்குப் போகிறவர், நான் சொல்லி முடித்த பிறகு ஒன்றைக் கேட்டார்.

"தம்பி, 'அப்பா, உங்களிலை எனக்குக் கோபமில்லை' எண்டு எங்கடை பெடியன் எழுதினவன். அதுவும் நீர்தானோ?"

"ஓம் அண்ணை. நான்தான்."

"அப்ப அவன் உண்மையிலை என்ன நினைக்கிறான்?"

"தெரியாது அண்ணை. கூட்டிக்கொண்டு வாங்கோ. முதல் தண்ணி கேக்கப் பழக்குவம்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை மகனோடு வந்து வாசலில் நின்றார்.

யோசித்துப் பாருங்கள். நாங்கள் அழுது கைதட்டிய ஒவ்வொரு வசனமும் நாங்கள் கேட்க ஆசைப்பட்ட வசனம். நீங்கள் ஆசைப்பட்டதையே ஒருவன் உங்களுக்குச் சொன்னால், கைதட்ட முதல் அவனுடைய கையைப் பாருங்கள். அது படித்தவன் கை என்றால் இரண்டு தரம் பாருங்கள்.