ஐந்தாவது ரவுண்டில் மார்சியானோ

எல்வுட் காஸ்கின்ஸின் ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறைத் தொட்ட நேரத்தில், ராக்கி மார்சியானோ முகமது அலியின் விலாவில் குத்திக்கொண்டிருந்தார்.

நிஜத்தில் இந்த இரண்டு குத்துச்சண்டைச் சாம்பியன்களும் பட்டத்துக்காக மோதியதே கிடையாது. முன்னவர் ஓய்வு பெற்றபோது பின்னவருக்கு வயது பதினான்கு. ஆனால் தெற்கு ஃபிலடெல்ஃபியாவின் அந்த டயாலிசிஸ் நிலையத்தில், நான்காம் நாற்காலிக்கும் ஐந்தாம் நாற்காலிக்கும் நடுவே, வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் மோதினார்கள். கையில் ஊசியோடு இயந்திரத்தில் கட்டுண்டு கிடந்த இரண்டு கிழவர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

"நாற்பத்தொம்பது சண்டை, நாற்பத்தொம்பது வெற்றி! உன் ஆளு அஞ்சு தடவை தோத்தவன்தானே?" என்றார் ஐந்தாம் நாற்காலி கார்மைன்.

"யோவ், உன் ஆளு ஜெயிச்சது யாரை? முப்பத்தேழு வயசுல, ஓஞ்சு போன ஜோ லூயிஸை! அதெல்லாம் ஒரு வெற்றியா? அலியை அவனால தொடக்கூட முடியாது. அந்தக் குட்டைக் கையை வெச்சுக்கிட்டு ஸ்டூல் போட்டு ஏறித்தான் குத்தணும்" என்றார் நான்காம் நாற்காலி எல்வுட்.

"அதே குட்டைக் கைதான் அம்பத்திரண்டுல இந்த ஊர்ல சாம்பியன் வால்காட்டைச் சாய்ச்சது. நான் நேர்ல பார்த்தேன்!"

"கண்ணாடி போட்டிருந்தியா?"

நர்ஸ் மொரீன் குறுக்கே வந்து நின்றாள். "போதும். இன்னியிலிருந்து இங்க குத்துச்சண்டைப் பேச்சே கூடாது."

அவள் கவலை அவளுக்கு. பிப்ரவரியில் எல்வுட்டின் மனைவி லொரேன் இறந்துபோனாள். அதற்குப் பிறகு இரண்டு முறை அவர் மொரீனிடம் மெதுவாகச் சொல்லியிருந்தார்: "இதெல்லாம் யாருக்காக? நிறுத்திடலாம்னு பாக்கறேன்." நிறுத்தினால் இரண்டு வாரம்கூடத் தாங்காது. அது அவருக்கும் தெரியும். எப்படியாவது இந்த மனிதரை உயிரோடு உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் மொரீனின் ஒரே வேண்டுதல்.

புதன்கிழமை அறை அமைதியாக இருந்தது. எல்வுட் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது மணி நேரத்தில் அவருடைய ரத்த அழுத்தம் எண்பதுக்குச் சரிந்தது. இரண்டு பேர் ஓடிவந்து காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

மொரீன் பயந்துபோய்த் தடையை நீக்கினாள். ஆனால் முன்னெச்சரிக்கையாக எல்வுட்டைப் பதினோராம் நாற்காலிக்கு, அறையின் அந்தக் கோடிக்கு, மாற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் அறை நீளத்துக்கும் கத்தினார்கள். நடுவில் கிடந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒன்பதாம் நாற்காலிக்காரர் அந்தக் காலத்துச் சாம்பியன் ஜாக் ஜான்சனை மேடையேற்றினார். ஏழாம் நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற தபால்கார அம்மா, "எல்லாரும் மூடுங்க, ஜோ லூயிஸ் வந்தா ரெண்டு பேரும் காலி" என்றாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எல்வுட்டின் குரல் இறங்கியது.

"முப்பத்தெட்டு, ஜூன் மாசம். எனக்குப் பன்னெண்டு வயசு. தெருவுல அத்தனை ஜன்னலும் தொறந்து கெடக்கு, அத்தனை வீட்லயும் ஒரே ரேடியோ சத்தம். எங்க கறுப்பு லூயிஸ், ஹிட்லர் நாட்டு ஷ்மெலிங்கை முதல் ரவுண்டுலயே முடிச்சுட்டான். எங்கப்பா அழுது அன்னிக்குத்தான் பார்த்தேன். எழுபத்தொண்ணுல ஃபிரேசியர்கிட்ட அலி தோத்தப்ப நான் அழுதேன். ஃபிரேசியரோட இந்த ஊர்ல இருந்துக்கிட்டு அலிக்காக அழலாமா? லொரேன்தான் கதவைச் சாத்திட்டு, 'இப்ப அழு'ன்னா."

அந்த அறையில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு ஜன்னலும் ஒரு ரேடியோவும் இருந்தன.

"அந்த ஃபிரேசியரைக்கூட மார்சியானோ மூணே ரவுண்டுல முடிச்சிருப்பான்" என்றார் கார்மைன்.

எல்வுட் எழ முயன்றார். குழாய் இழுபட்டது. அவர் இயந்திரம் கூவியது, பக்கத்து இயந்திரங்களும் சேர்ந்துகொண்டன. டாக்டர் சாண்ட்விச்சோடு ஓடிவந்து, எல்லாருக்கும் எதிரில் மொரீனைக் கடிந்துகொண்டார்.

அவர் போனதும் மொரீன் நேராகக் கார்மைனிடம் போனாள்.

"ஒரே ஒரு தடவை, அலிதான் ஜெயிப்பான்னு சொல்லிடுங்க. பிரச்சினை தீர்ந்துடும்."

கார்மைனின் முகம் சிவந்தது. "முடியாது."

"அவர் நல்லா இருக்கணும்னு உங்களுக்கு இல்லையா?"

கார்மைன் பதினோராம் நாற்காலிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "நீதான் கேக்கறே. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே." பிறகு குரலை உயர்த்தினார். "எல்வுட்! யோசிச்சுப் பார்த்தேன். அலிதான். அவன் கால் வேகத்துக்கு மார்சியானோ ஈடு கொடுக்க மாட்டான்."

அறை முழுக்கக் கைதட்டல். எல்வுட் மட்டும் தட்டவில்லை. "சரி, அப்போ முடிஞ்சுது" என்றார். வீட்டுக்குப் போகும்போது கார்மைனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. புதன் காலையில்தான் எடுத்தார்.

"வரலை மொரீன். லொரேன் போனப்புறம் எனக்கு ஒரு வேலைதான் பாக்கி இருந்துச்சு. அந்த மரமண்டை வாயால அலி பேரைச் சொல்ல வைக்கணும். சொல்லிட்டான். போதும்."

தன் சாமர்த்தியத்தை நினைத்தால் மொரீனுக்கே தன்னை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது.

"போனை இப்படிக் குடு" என்றார் கார்மைன், ஊசி இல்லாத கையை நீட்டி.

"எல்வுட்டா? நான் சொன்னது பொய். நர்சம்மா நச்சரிச்சா, சொல்லித் தொலைச்சேன். மார்சியானோதான். அஞ்சாவது ரவுண்டு. விலாவுல ஒண்ணு, தாடையில ஒண்ணு. பத்து எண்ணி முடிச்சாலும் உன் ஆளு எந்திரிக்க மாட்டான். என்ன, சத்தத்தையே காணோம்? பயந்து ஓடறதுல நீயும் அவனை மாதிரிதானா?"

அடுத்து வந்த சத்தம் மூன்றடி தள்ளி நின்ற மொரீனுக்கே தெளிவாகக் கேட்டது.

"புளுகுணிப் பயலே! அந்த நாலாம் நாற்காலியில எவனையும் உக்கார விடாதே! டாக்சி பிடிச்சு வரேன்!"

நாற்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தார். கோட்டுப் பொத்தான்கள் தாறுமாறாக இருந்தன. கக்கத்தில் பழைய பத்திரிகைத் துணுக்குகள் ஒட்டிய தடித்த நோட்டு. மொரீன் அவரை நான்காம் நாற்காலியில் உட்காரவைத்து ஊசியைக் குத்தினாள். ரத்த அழுத்தம் நூற்று அறுபத்தைந்து. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் கார்மைனை அழைத்துப் போக அவர் மனைவி கான்செட்டா வந்தாள். "அலிக்குத் தாடையா அது? கண்ணாடிக் கிளாஸு!" என்று உள்ளே கணவர் கத்துவதைக் கேட்டுக் கதவருகே அப்படியே நின்றுவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு மார்சியானோ மேல இவ்வளவு பைத்தியமா?" என்று சிரித்தாள் மொரீன்.

"இவருக்கா?" என்றாள் கான்செட்டா. "மார்சியானோ கட்சி எங்கப்பாதான். அலிதான் ஜெயிப்பான்னு கல்யாணப் பந்தியில எங்கப்பா சட்டையப் புடிச்ச மனுஷன் இவரு. அதுக்காகவே எங்கப்பா சாகற வரைக்கும் இவர்கிட்ட பேசல."