பெலிசா செம்பின்னணி கொண்ட படலம்

வாழ்க வேனோட்டி பெலிசா தெராசாஸ்! கொச்சபம்பா மாநகரின் மேடுபள்ளங்களைத் தன் நாற்சக்கரங்களால் இருபதாண்டு அளந்தவள், சிவப்பு விளக்கு பச்சையாகும் இடைவெளியில் இருபடிச் சமன்பாடுகளை வீழ்த்துபவள், சில்லறை தராதோர்க்குச் சிங்கமும் சிக்கலான கணக்குகளுக்குத் தோழியுமானவள், நாற்பத்துநான்கு வயதில் கணிதப் பட்டம் படித்தே தீருவேன் என்று சூளுரைத்தவள் வாழ்க, வாழ்க!

அன்று விண்ணப்பத்துக்கு இறுதி நாள். பகல் பன்னிரண்டு அடித்தால் பல்கலைக்கழகத்தில் எல்லாப் பிரிவுகளுக்குமான ஒற்றைச் சாளரம் மூடப்படும். மூடினால் மீண்டும் ஓராண்டுக் காத்திருப்பு. முன்னிரண்டு ஆண்டுகளும் இதே நாளை, ஒருமுறை வேனின் பழுதுக்கும் மறுமுறை மகளின் பேறுகாலத்துக்கும் பறிகொடுத்தவள் அவள். ஆதலால் மஞ்சள் கோப்பைக் கேடயமென மார்போடணைத்து, முழங்கைகளே வேல்களாய் முன்னும் பின்னும் குத்திய வரிசைப் பெரும்படையில் மூன்று மணி நேரம் நின்று, வியர்வையாறு நீந்திச் சாளரத்தின் கரைசேர்ந்தாள்.

உள்ளே வீற்றிருந்தார் முத்திரைக்கோன் இலாரியோன், மூக்குக்கண்ணாடியின் மேல்விளிம்பால் மட்டுமே மானிடரை நோக்கும் மாண்பினர். அவர் அவளது புகைப்படத்தை நகநுனியால் தூக்கினார்.

“என்னம்மா இது, பின்னாடி நீலமா இருக்கு? சிவப்பு வேணும். அடுத்த ஆள் வாங்க!”

மணி பதினொன்று முப்பத்தைந்து. இடியோசை கேட்ட நாகமென ஒரு கணம் நடுங்கிய பெலிசா, மறுகணம் வில்விடு கணையெனத் தெருவைத் தாண்டி, புகைப்படக்காரன் நாசரியோவின் கடைவாயிலில் போய் நின்றாள்.

“சிவப்புத் துணியா? மச்சினி கல்யாணத்துல மேடைக்குக் கட்டிட்டாங்க அக்கா. திங்கக்கிழமை வாங்களேன்.”

திங்கட்கிழமையாம்! கண்கள் கனல, திசையெலாம் துழாவினாள் பெலிசா. அதோ, நடைபாதையோரம், சால்ட்டேனியாப் பணியாரம் விற்கும் எர்மெலிந்தாவின் தலைக்குமேல், அந்திவானம் காம்பூன்றி நின்றாற்போல் விரிந்திருந்தது ஒரு செங்குடை! பாய்ந்து காம்பைப் பற்றினாள்.

“ஏய், குடைய விடுடி! என் சால்ட்டேனியா எல்லாம் வெயில்ல வெந்துரும்!”

“அதெல்லாம் ஏற்கெனவே வெந்ததுதான அக்கா! ரெண்டே நிமிஷம்!”

இரு களிறுகள் ஒரு மூங்கிலை இழுத்தாற்போல் இருவரும் இழுக்க, தட்டுகள் உருண்டன. மிளகாய்ச் சாறு குருதிப்புனலாய்ப் பெருகிற்று. வேடிக்கை பார்க்கப் போக்குவரத்தே நின்றது.

“எதுக்குடி இந்தக் குடை உனக்கு?”

“போட்டோவுக்கு அக்கா. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான். கணக்கு படிக்கப் போறேன்.”

எர்மெலிந்தாவின் பிடி தளர்ந்தது.

“கணக்கா? இந்த வயசுலயா? பைத்தியக்காரி! சரி சரி, இந்த முக்காலில நிமிர்ந்து உக்காரு. முடிய ஒதுக்கு.”

தானே குடையைச் சாய்த்து அவள் தலைக்குப் பின்னே ஏந்தி நின்றாள் எர்மெலிந்தா. கேமராவோடு ஓடிவந்த நாசரியோ மூன்றுமுறை மின்னலெறிந்தான். அச்சின் சூடு ஆறாத படத்தோடு பெலிசா பறந்துவந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. சாளரத்தின் இரும்புக் கதவு இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டை வாயிலில் மரத்தண்டை முட்டுக்கொடுப்பார்போல் அதனடியில் கோப்பைச் செருகினாள். கதவு நின்றது. இலாரியோனின் கண்ணாடி மெல்ல எழுந்தது.

“பின்னாடி என்னம்மா, கம்பி கம்பியா தெரியுது?”

“சிவப்பா இருக்கணும்னுதான சார் போட்டிருக்கு? கம்பி கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?”

விதித்தாளை முன்னும் பின்னும் புரட்டினார் முத்திரைக்கோன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். கம்பியைக் குறித்து அது வாய்திறக்கவில்லை. கொல்லனின் சம்மட்டியென விழுந்தது முத்திரை! வெளியே வேன்களின் ஊதுகுழல்கள் வெற்றிச்சங்கென முழங்க, பணியார மணம் வாகைமாலையெனச் சூழ, கண்ணீர் வடிய இரு கைகளையும் விண்நோக்கி உயர்த்தி நின்றாள் பெலிசா.

கணிதப் பிரிவில் அறுபது இடம் இருந்தது, அவளோடு சேர்த்து ஒன்பது பேர்தான் கேட்டிருந்தார்கள்.