சாயம் பூசி வெயிலில் நின்றவர்

சூரியனுக்குப் பயந்து வாழ்ந்தவர்களில் எங்கள் பட்டை சாரை மிஞ்சுவதற்கு இன்னும் ஒருவர் பிறக்கவில்லை. யுத்த காலத்தில், அரியலூருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் பூமியை அளப்பதற்காகப் போட்டிருந்த முகாமில் அவர் பிளான் வரைபவர். நான் கூலியாட்களுக்கு ஆஜர் எடுக்கும் குமாஸ்தா. அவருடைய சொந்தப் பெயர் காகிதத்தோடு சரி. பட்டை சார் என்ற பெயர் வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆள் உரித்த பூண்டு மாதிரி வெளுப்பு. கால் மணி நேரம் வெயில் பட்டால் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிடுவார். இரண்டு நாளில் தோல் உரியும். ஆகவே குடையில்லாமல் வெளியே வரமாட்டார். குடையை மறந்த ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து ஒரு வைக்கோல் வண்டியின் நிழலிலேயே நடந்து வந்தார். வண்டி முகாமுக்குத் திரும்பாமல் நேரே போய்விட்டது. நிழலை விட மனசில்லாமல் இவரும் கூடவே போய்விட்டார். பொழுது சாய்ந்த பிறகு திரும்பி வந்தவரைக் கேட்டால், "நாலு மைல் அதிகம்தான்யா. ஆனா நல்ல நிழல்" என்றார்.

அப்படிப்பட்டவர் தலையில் இடி விழுந்தது. நிலம் அளக்கும் சர்வேயர் மலேரியாவில் படுத்துவிட்டார். பெரிய ஆபீசர் வந்து பட்டை சாரைக் கூப்பிட்டார்.

"நாளன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வடக்குக் குழியோட பிளான் என் கையில இருக்கணும். நீங்கதான் போய் அளக்கணும். குடையும் கையுமா நின்னா கோடு நேரா வராது. முடியாதுன்னா ஊருக்கு ரயில் ஏறிடுங்க."

கும்பகோணத்தில் அவருடைய அம்மாவும் இரண்டு தங்கைகளும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள். மனுஷர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் முகமெல்லாம் மலர்ந்து என்னிடம் வந்தார்.

"செல்லம்மாவைப் பாரும். நாள் பூரா வெயில்ல கல்லு சுமக்குறா. எங்கேயாவது சிவப்பு உண்டா? நிறம்தான்யா குடை! அந்த நிறத்தைப் பூசிக்கிட்டா விஷயம் முடிஞ்சுது. ஆட்டுத்தோலைப் பட்டைத் தண்ணியில ஊறவெச்சா வெயில், மழை எல்லாம் தாங்குதே, என் தோல் தாங்காதா?"

"அது செத்த ஆடுங்க" என்றேன். காதில் வாங்கவில்லை.

கருவேலம்பட்டையையும் கடுக்காயையும் நாள் முழுக்கக் கொதிக்கவைத்தார். முகம், கழுத்து, கை, முழங்கால் என்று மூன்று தடவை பூசினார். அவர் கைக்கு எட்டாத பிடரியில் பூசியவன் நான்தான். விளையாட்டாகத்தான் பூசினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

காலையில் குழிக்குப் போனோம். பருத்தி பொய்த்துப்போய்க் குன்னம் கிராமத்திலிருந்து கல் சுமக்க வந்தவள் செல்லம்மா. அவள் என்னிடம், "யாருங்க இது, புது ஆளா? பேரு எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். பட்டை சாருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! தொப்பியையும் கழற்றி எறிந்துவிட்டு, முக்காலிமேல் பொருத்திய அளவுப் பலகையில் காகிதத்தை விரித்தார்.

சுண்ணாம்புக் குழி வெயில் மற்ற வெயில் மாதிரி இல்லை. மேலே இருந்து அடிப்பது பாதி, வெள்ளைக் கல்லில் பட்டுக் கீழே இருந்து அடிப்பது பாதி. பத்து மணிக்கு அவர் முகத்தைப் பார்த்தேன். பழுப்பாகவே இருந்தது. பன்னிரண்டுக்குப் பார்த்தேன். அதே பழுப்பு. மற்ற நாளாக இருந்தால் சிவப்பைப் பார்த்ததுமே நிழலுக்கு இழுத்திருப்பேன். அன்றைக்கு அந்தச் சாயம் சிவப்பை மூடி வைத்திருந்தது என்பது மரமண்டையான எனக்கு உறைக்கவில்லை.

"எரியுதா சார்?"

"சாயம் பிடிக்குதுய்யா. அதான் சுருக்கு சுருக்குங்குது."

மூன்று மணிக்கு அவர் பல் கிட்டியது. "குளுருதுய்யா" என்றார். அந்த வெயிலில் குளிர்! தண்ணீர் கொண்டுவந்த செல்லம்மா அவர் கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று விலகினாள்.

"ஐயோ, கொப்புளம் கொப்புளமா இருக்குங்க! நெருப்பா கொதிக்குது. மேல பூசினது வெயிலைத் தடுக்குமாங்க? இவரைத் தூக்குங்க மொதல்ல!"

நான் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் பலகையைக் கட்டிக்கொண்டார். "இன்னும் ஒரு மூலைதான்யா. விட்டா என் வூடே போச்சு" என்று அழுதார். வளர்ந்த மனுஷர் அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அடிவானத்தில் ஆபீசரின் மோட்டார் கிளப்பிய புழுதி தெரிந்தது.

செல்லம்மா ஒரு குரல் கொடுத்தாள். பத்துப் பெண்கள் கல்லைக் கொட்டிவிட்டு ஓடி வந்தார்கள். அவரைச் சுற்றி நெருக்கி நின்று, கூடைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். ஒருத்தி அவர் பிடரியில் ஈரத்துணியைப் போட்டாள். அந்த நிழலில் அவர் கடைசிக் கோட்டை இழுத்தார். ஆபீசர் இறங்கி வந்து, "என்ன கூத்து இது?" என்றார்.

"காத்துல காகிதம் பறக்குதுங்க. அதான் மறைச்சு நிக்கிறோம்" என்றாள் செல்லம்மா. ஒரு துளி காற்று இல்லை.

ஆபீசர் பிளானைச் சுருட்டிக்கொண்டு போனார். வேலை தப்பியது. ஆள் தப்பினாரா என்று தெரிய மூன்று நாள் ஆயிற்று. ஜுரம் அப்படி அடித்தது. தோலோடு சாயமும் திட்டுத்திட்டாக உரிந்து வந்தது. பட்டை சார் என்று ஒட்டிக்கொண்ட பெயர் மட்டும் உரியவில்லை.

நாலாம் நாள் மோர் கொண்டுவந்த செல்லம்மாவிடம் கேட்டார். "உங்களுக்கெல்லாம் எரியாதுன்னுல்ல நெனச்சேன்?"

"யாருங்க சொன்னா? வருஷக்கணக்கா வெயில்ல காஞ்சு வந்த கறுப்பு இது. உங்களைவிடக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். எங்களுக்கும் எரியும். யாரும் கேட்டதில்ல."

பட்டை சார் எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக, குழி ஓரத்தில் கூலியாட்களுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை போடப் பிளான் வரைந்தார். வெயிலில் ஒரு அடி வைக்க நடுங்கியவர், அதைத் தூக்கிக்கொண்டு ஆபீசர் பின்னாலேயே ஒரு மாதம் அலைந்தார். பத்துப் பேருக்குப் போதும் என்று சொல்லித்தான் ஆபீசர் கடைசியில் கையெழுத்துப் போட்டார். கொட்டகை எழுந்த பிறகு பார்த்தால், காகிதத்தில் பத்துப் பேருக்கென்று தெரிந்த இடத்தில் நாற்பது பேர் தாராளமாக உட்காரலாம். வாழ்நாளில் ஒரு நூல் அளவு பிசகாமல் வரைந்த அந்த மனுஷர் வேண்டுமென்றே தப்பாக வரைந்த பிளான் அது ஒன்றுதான். அதற்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.