மாடனுக்கு வந்த முதல் போன்

செல்போன் மணி அடித்தால் இன்றைக்கும் நான் வாசலைப் பார்த்து ஓடப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் எல்லார் போனும் ஊமையாகத்தான் கிடக்கும். என் உடம்பு தாங்காது என்று மனைவி போட்ட உத்தரவு. இப்படிப்பட்ட நான்தான் திருநெல்வேலிச் சீமையில் செல்போன் விற்க முதன்முதலாகக் கிளம்பிய மகான்களில் ஒருவன் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. போன் செங்கல் கனம் கனக்கும். நாம் கூப்பிட்டாலும் காசு, நம்மை யாராவது கூப்பிட்டாலும் காசு. ஜங்ஷனில் கம்பெனி பெரிய விளம்பரப் பலகை வைத்திருந்தது. டை கட்டிய ஒருவர் கடற்கரையில் நின்று போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார். எதற்குச் சிரிக்கிறார் என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. (இன்னும் பில் வரல போல, என்றார் டீக்கடைக்காரர்.)

எங்கள் மேனேஜர் மெட்ராஸ்காரர். ஒரு லாட்ஜ் ஹாலில் எங்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். அதில் இரண்டு பாடங்கள் மனதில் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டன. ஒன்று, போனை மேஜையில் வைக்காதே, வாடிக்கையாளர் கையில் கொடு, கையில் வாங்கியவன் திருப்பித் தரமாட்டான். இரண்டு, எங்கே கூட்டம் அதிகமோ அங்கே மணி அடிக்க வை.

அவர் சொல்லித்தராத பாடத்தை நானே படித்துக்கொண்டேன். டவர் டவுனில் மட்டும்தான். அதனால் எந்த வீட்டிலும் எந்தக் கடையிலும் சிக்னல் ஏதாவது ஒரு மூலையில்தான் ஒளிந்திருக்கும். முந்தின நாளே போய், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி அலைந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து, மறுநாள் வாடிக்கையாளரின் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுவிடுவேன். அவர் எழுந்து நடந்துவிடக்கூடாதே என்று பேசி முடிகிற வரைக்கும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நிற்பேன்.

இத்தனை செய்தும் ஒருத்தரும் வாங்கவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஆற்றங்கரை ஊரில் அரிசி மில் வைத்திருக்கும் அண்ணாச்சியை மடக்கு, இல்லையென்றால் போனையும் அடையாள அட்டையையும் வைத்துவிட்டுப் போ என்றார். அண்ணாச்சி எதை வாங்கினாலும் பஜாரே வாங்கும். எங்கள் அப்பாவோ அதற்குள் தெரு முழுக்க, மகனுக்கு டெலிபோன் இலாகாவில் வேலை என்று சொல்லி முடித்திருந்தார். வேலை போனால் நான் வீட்டுக்குப் போகும் வழியே கிடையாது.

அண்ணாச்சி பெரிய மனசுக்காரர். அடுத்த வாரம் ஊர்க் காவல்தெய்வம் மாடன் கோயிலில் கொடைத் திருவிழா, அதற்கு வா என்றார். பம்பாயில் கட்டிக்கொடுத்த மகளால் இந்த வருஷமும் வர முடியவில்லையாம். கொடை முடிந்ததும் அவளோடு பேசவைத்தால், ஊர் பார்க்க அங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முந்தின நாள் போய் சிக்னல் தேடினேன். மில்லில் இல்லை, வீட்டில் இல்லை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியும் இல்லை. கடைசியில் ஊர்க்கோடியில், மாடனின் பீடத்துக்கு நேர் முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் போனில் சிக்னல் கம்பிகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. கொடை முடிந்தபிறகு கூட்டம் கலைந்துவிடுமே என்று, அண்ணாச்சி வீட்டில் நம்பர் வாங்கி மகளுக்கு நானே போன் போட்டு, சரியாக உச்சிப்பொழுதில் கூப்பிடச் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சரி என்றாள்.

கொடைக்குப் போகிறவன் முதலில் யார் சாமியாடுகிறார் என்று கேட்கவேண்டும். நான் சிக்னல் எங்கே என்று கேட்டேன். (சின்ன வயசிலிருந்தே சாமியாடி என்றால் எனக்குக் குலை நடுக்கம். உறுமி மேளச் சத்தம் கேட்டால் அம்மா முந்தானைக்குள் புகுந்துவிடுவேன். அதனால் கொடைப் பக்கமே போனவனில்லை.)

கொடையன்று அண்ணாச்சி ஆற்றில் குளித்துவிட்டு, உடம்பெல்லாம் திருநீறு பூசி, இடுப்பில் சிவப்புக் கச்சை கட்டிக்கொண்டு வந்தார். என்ன பக்தி என்று மெச்சிக்கொண்டே, பாடத்தில் சொன்னபடி போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கச்சைக்குள் செருகிக்கொண்டு போனார். கையில் வாங்கியாயிற்று, இனி திருப்பித் தரமாட்டார் என்று பூரித்துப் போனேன்.

மேளம் உச்சத்துக்கு ஏறியது. பீடத்துக்குப் பின்னாலிருந்து, தலையில் குல்லாயும் கையில் வெட்டரிவாளுமாக ஓர் உருவம் துள்ளிக்கொண்டு வந்தது. கண்கள் செக்கச்சிவப்பு. இடுப்பில் சிவப்புக் கச்சை. கச்சையில் என் போன்.

அண்ணாச்சிதான் சாமியாடி. சூரியன் தலைக்கு நேராக நின்றது. மாசக்கணக்கில் சிக்னல் வேண்டும் என்று அலைந்தவன், அன்றைக்குத்தான் முதல்முறையாக, மாடா, சிக்னல் போய்த் தொலையட்டும் என்று வேண்டினேன். சாமி பீடத்தைவிட்டு அந்தப் பக்கம் ஆடிப்போனால் உயிர் வரும். இந்தப் பக்கம் வந்தால் போகும். கடைசியில் குறி சொல்வதற்காகப் பீடத்துக்கு நேர் முன்னால் வந்து நின்றது. மேளம் நின்றது. குறி கேட்க ஊரே நெருங்கி வந்தது.

போன் அடித்தது.

முன்வரிசை அப்படியே பின்னால் சாய்ந்தது. சாமி குனிந்து இடுப்பைப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து, அத்தனை கூட்டத்தில் சரியாக என்னைப் பார்த்தது.

"ஏலே, இங்கன வா."

நான் போகவில்லை. என்னைத் தள்ளிவிட்டார்கள். கச்சையிலிருந்து போனை உருவி, பொத்தானை அமுக்கினேன்; பயத்தில் என் வாய் பயிற்சியில் உருப்போட்டதை ஒப்பித்தது: "வணக்கம். எங்கள் சேவையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி."

மகள்தான். ஆனால் அவள் அப்பாவைக் கேட்கவில்லை. "அண்ணே, சாமி காதுல வைங்க" என்றாள். உச்சிப்பொழுது சாமி இறங்குகிற நேரம் என்று தெரிந்துதான் அவள் சரி சொன்னாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வைத்தேன். சாமியின் தலையாட்டத்தில் போன் குல்லாயில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. அந்தக் காலத்துப் போனில் எதிர்முனைக் குரல் பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்கும். "மாடா, இந்த வருசமும் உன் வாசலுக்கு வர முடியல. எம்மேல கோவமா இருக்கியா?" என்று அழுதாள்.

சாமி மெல்ல ஆடியபடி ஓரடி பின்னால் போனது. குரல் கரகரத்துத் தேய ஆரம்பித்தது.

அடுத்து நான் செய்ததை என் மூளை செய்யவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டுப் பழகிய கை செய்தது. அரிவாளோடு நின்ற சாமியின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து, "அண்ணாச்சி, அங்கன போகாதீங்க, இங்கன நில்லுங்க, இங்கனதான் சிக்னல்" என்றேன்.

ஊர் திகைத்துப்போனது. அருள் வந்து நிற்கும் சாமியைத் தொட்டவனும் கிடையாது, அண்ணாச்சி என்று கூப்பிட்டவனும் கிடையாது. ஆனால் சாமி நின்றது. நான் சொன்ன இடத்திலேயே நின்றது. போனைப் பார்த்து, "மக்கா, நீ வராட்டா என்ன? நான் வாரேன்" என்றது.

அந்தப் பக்கம் அவள் விம்முவது கேட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் சாமி திரும்பி, தன் தோளில் இன்னும் இருந்த என் கையைப் பார்த்தது. அரிவாள் மேலே போனது.

நான் ஓடினேன். வயலில் விழுந்து, சகதியோடு எழுந்து, இடுப்பளவு தண்ணீரில் தாமிரபரணியைக் கடந்து, அக்கரையில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். யாரும் துரத்தவில்லை. (எனக்குத் திருநீறு பூசத்தான் சாமி அரிவாளைத் தூக்கி மறு கைக்கு மாற்றியதாம். நின்று விசாரிக்க எனக்கு நேரமில்லை.) செருப்பு போயிற்று. கம்பெனியின் போனும் சாமி கையில் திணித்ததோடு போயிற்று. வேலையும் போயிற்று என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நான் ஆபீசில் அடையாள அட்டையைக் கழற்றி வைக்கும் நேரத்தில் அண்ணாச்சி வந்தார். கையில் போன், அதன் மேல் சந்தனமும் குங்குமமும். தனக்கு எதுவும் ஞாபகமில்லை, ஊர்தான் சொல்லுது என்றார். நான் போனுக்காகத் தயங்கிக் கை நீட்டினேன்.

"மாடன் கையில வாங்கின பொருள் வே. திருப்பித் தரப்படாது" என்றார். அதையே வாங்கிக்கொண்டார். பின்னாலேயே பஜாரும் வந்து வாங்கியது.

மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்தார். இனி ஜில்லாவில் எங்கே கொடை நடந்தாலும் உன்னைத்தான் அனுப்பப்போகிறேன் என்றார். கழற்றிய அட்டையை மேஜையிலேயே விட்டுவிட்டு, அந்த நிமிஷமே நான் வேலையை விட்டேன்.

பிறகு ஊரெல்லாம் டவர் வந்துவிட்டது. ஆனாலும் மகள் கூப்பிட்டால் அண்ணாச்சி கோயிலுக்கு நடந்துபோய், பீடத்துக்கு முன்னால் நான் பிடித்து நிறுத்திய இடத்தில் நின்றுதான் பேசுவாராம். எங்கள் வீட்டிலோ, நான் கோபம் வந்து குதிக்க ஆரம்பித்தால் போதும். என் மனைவி வந்து தோளைப் பிடித்து, "அண்ணாச்சி, இங்கன நில்லுங்க, இங்கனதான் சிக்னல்" என்பாள். நானும் நின்றுவிடுவேன்.