செம்புக் குண்டுக்கு ஈயப் பூச்சு

என் வீட்டில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நான் எஜமான். துப்பாக்கிக்குள் எந்தக் குண்டு போக வேண்டும் என்பது. மற்றபடி ஜன்னல் திரை என்ன நிறம், நாய்க்கு என்ன பெயர், சர்ச்சுக்கு நான் எந்தச் சட்டையில் போகிறேன் எல்லாமே என் மனைவி வெர்லீனின் இலாகா. மிச்சமிருந்த அந்த ஒரு இலாகாவிலும் அவள் கை வைத்தபோது நான் பொங்கி எழுந்தேன். எழுந்தவன், காபி ஆறுகிறதே என்று மறுபடி உட்கார்ந்தேன். ஆனாலும் பொங்கியது பொங்கியதுதான்.

நடந்தது இது. சாப்பாட்டு மேஜையில் வெர்லீன் வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டில் போட்டாள். 'டிங்' என்றது.

"என்னது அது?" என்றேன்.

"உன் குண்டு. நீ சுட்ட பன்னி, நான் செஞ்ச சாசேஜ், நடுவுல உன் ஈயம்."

"மிளகு ஏதாவது இருக்கும்."

"மிளகு டிங்குங்குமா?"

"நல்லா காஞ்ச மிளகுன்னா…"

"டெல்பர்ட், ரோண்டா மாசமா இருக்கா. ஞாயித்துக்கிழமையானா நம்ம பொண்ணு இங்கதான் சாப்பிடறா. அவ வயித்துல ஈயம் போகணுமா? இனிமே செம்புக் குண்டு போடு. அது கறிக்குள்ள உடைஞ்சு சிதறாது. எமில் அதைத்தான் போடறான்."

எமில் அடுத்த பண்ணைக்காரன். டெக்சஸில் புதிதாக எது விற்பனைக்கு வந்தாலும் முதலில் வாங்குபவன். அவன் பெயரைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்றது.

"அவன் செம்புக்குச் சொம்பு தூக்கறான்! எங்க தாத்தா ஈயம். எங்கப்பா ஈயம். நான் இருக்கிறவரைக்கும் இந்த வீட்டுல ஈயம்தான்!"

"உங்க தாத்தா ஒரு பல்லுகூட இல்லாமத்தான் செத்தாரு."

"அது வயசு!"

"எதைக் கடிச்சாரோ, யாரு கண்டா?"

நான் முறைத்தேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்தால் ஏதோ திட்டம் போட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

"சரி கண்ணு. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துடலாம். மேயரை ஈயத்தால சாய்ச்சுக் காட்டு. அப்புறம் செம்புன்னு நான் வாயே திறக்கலை."

மேயர் என்றால் எங்கள் ஊர் மேயர் இல்லை. கோரைப்பல் இரண்டும் வெளியே நீட்டிய ஒரு கிழட்டு ஆண் காட்டுப்பன்றி. அனுமதி கேட்காமல் வரும், நிலத்தைத் தோண்டிப் போடும், மூடாமல் போய்விடும். அதனால்தான் அந்தப் பெயர். வெர்லீன் ஆசையாகப் போட்ட கடலைச் செடியை ஒரு வரிசை விடாமல் உழுதுவிட்டுப் போயிருந்தது.

மறுநாளே எமில் தன் மாடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டையோரம் பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக அடுக்கி வைத்தான். அவனை யார் கேட்டது? வெர்லீன் கேட்டிருந்தாள்.

முதலில் நான் சுட்டேன். முன்னால் இருந்த கேன்கள் பட்டாசு மாதிரி வெடித்துத் தண்ணீர் எங்கள் இருவர் தலையிலும் கொட்டியது. ஓடிப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது கேனுக்குள் என் குண்டு துகள் துகளாகக் கிடந்தது. அதற்கப்பால் இருந்த கேன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு எமில் சுட்டான். சத்தம் குறைவுதான். ஆனால் அவன் குண்டு எல்லாக் கேனையும் துளைத்துக்கொண்டு பின்னாலிருந்த மண்மேட்டில் போய் நின்றது. நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். முனை நாலு இதழாக விரிந்திருந்தது. ஒரு சில்லுகூட உடையவில்லை.

"பூ மாதிரி இருக்கு பாருடா."

"நீ பன்னிக்குக் குண்டு போடறியா, மாலை போடறியா?"

"கிழட்டு ஆண் பன்னிக்குத் தோள்ல தோல் பலகை மாதிரி இறுகிக் கிடக்கும், டெல்பர்ட். உன் ஈயம் அதுலயே உடைஞ்சு போயிடும்."

"கேனைச் சுடறதுக்குச் செம்பு நல்லதுதான். கேன் ஏதாவது எங்க கடலையைத் தின்னா உன்னைக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் கருவேலம் புதர் ஓரமாக மேயர் வந்தது. நிதானமாகக் குறிபார்த்தேன். தோளில் ஈயத்தை இறக்கினேன். மேயர் காதை ஒருமுறை ஆட்டியது. என் பக்கம் திரும்பிப் பார்த்தது. கொசு கடித்த மாதிரி தோளை மரத்தில் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. புதர் முழுக்கத் துழாவினேன். ஒரு சொட்டு ரத்தம் கூட இல்லை.

வாசலிலேயே வெர்லீன் நின்றிருந்தாள். "சுட்ட சத்தம் கேட்டுதே?"

"சும்மா மிரட்டறதுக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டேன்."

"யாரை? கடவுளையா?"

அன்றைக்குத்தான் எனக்கு உண்மை உறைத்தது. எமில் சொன்னது சரி. வெர்லீன் சொன்னதும் சரி. இதை உங்களிடம் சொல்லலாம். அவர்களிடம் சொல்ல முடியுமா? அப்புறம் திரைச்சீலை இலாகாவோடு துப்பாக்கி இலாகாவும் போய்விடாதா?

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். செம்பைச் சுடுவது. ஈயம் என்று சொல்வது.

எங்கள் ஊர்க் கடைக்காரர் வெர்லீனுக்குச் சொந்தம். அதனால் பக்கத்து ஊருக்குப் போய்ச் செம்புத் தோட்டா வாங்கி வந்தேன். என் பழைய ஈயத் தோட்டாப் பெட்டியில் மாற்றிப் போட்டேன். ஒரே ஒரு சிக்கல். ஈயக் குண்டுக்கு உடம்பில் செம்பு உறை இருந்தாலும் மூக்கு சாம்பல் நிறத்தில் இருக்கும். செம்புக்கு மூக்கும் செம்பு நிறம்தான். பெட்டியைத் திறந்தால் மானம் போய்விடும்.

வெர்லீனின் அலமாரியில் வெள்ளி நிற நகப்பூச்சு இருந்தது.

கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொரு குண்டுக்கும் மூக்கில் பூசினேன். செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் உண்டு. செம்புக் குண்டுக்குப் பூசியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கடைசிக் குண்டை ஊதிக் காய வைக்கும்போது வெர்லீன் உள்ளே வந்தாள். பெட்டியை டப்பென்று மூடினேன்.

"என்ன, கொட்டகையில நகப்பூச்சு வாசனை வருது?"

"துப்பாக்கி எண்ணெய். புதுசா வந்திருக்கு."

"உன் கட்டைவிரல் ஏன் பளபளங்குது?"

அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "கொழுப்பு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆமா, கொழுப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து மேயர் அதே இடத்துக்கு வந்தது. அதே தோள். செம்பு போனது. மேயர் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வாசலில் போட்டேன். மார்பை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ஈயம்!" என்றேன்.

வெர்லீன் குனிந்து பார்த்தாள். எமிலும் குனிந்து பார்த்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜெயிச்சுட்டே கண்ணு" என்றாள். "நீ போய் ஊர்ல சொல்லிட்டு வா. வெட்டற வேலையை நானும் எமிலும் பார்த்துக்கறோம்."

வெர்லீனின் அப்பா கறிக்கடை வைத்திருந்தவர். கத்தி பிடிப்பதில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை. நான் சந்தோஷமாகத் தீவனக் கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர்களிடமெல்லாம் ஈயத்தின் பெருமையைச் சொன்னேன். ஒருவர் கிளம்பிப் போனதும் வந்தவரிடம் முதலிலிருந்து ஆரம்பித்தேன். முடி வெட்டுகிறவர் கடையில் அமெரிக்காவே ஈயத்தால் நிற்கிறது என்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரோண்டா வந்தாள், மாப்பிள்ளை கிளின்ட் வந்தான், எமிலும் வந்தான். வெர்லீன் ஒரு பெரிய தட்டு நிறைய சாசேஜ் கொண்டுவந்தாள். பூண்டும் மிளகும் ஓக் விறகுப் புகையுமாக வந்த வாசனையில் எனக்கு நாக்கு ஊறியது. ரோண்டா முள்கரண்டியை நீட்டினாள்.

"தொடாதே!" என்றாள் வெர்லீன். "அப்பா ஈயத்தால சுட்டது. உனக்குப் பீன்ஸ் இருக்கு."

ரோண்டாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஒண்ணே ஒண்ணும்மா. வாரம் பூரா இதையேதான் நினைச்சுட்டிருந்தேன்."

"கூடாது. ஈயம் கலந்ததை நாய்க்குப் போடக்கூட மனசு வரலை. கொண்டுபோய்க் குழியில கொட்டிட்டு வர்றேன். உங்கப்பாவுக்கு ஜெயிச்ச சந்தோஷமே போதும்."

தட்டைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள். என் பெண் பீன்ஸைக் கரண்டியால் தள்ளித் தள்ளி விட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி வேறு இருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"நில்லு!" என்றேன்.

வெர்லீன் நின்றாள். திரும்பவில்லை.

"அது ஈயம் இல்லை."

"என்ன சொன்னே? எமிலுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமா சொல்லு."

"செம்பு! செம்புக் குண்டு! நான்தான் பக்கத்து ஊர்ல வாங்கி, உன் நகப்பூச்சைப் பூசி, ஈயப் பெட்டியில போட்டேன். என் ஈயம் அதுக்கு முன்னாடியே தோத்துப் போச்சு. போதுமா? பிள்ளைக்குச் சாப்பாடு போடு!"

கிளின்ட் ரொம்ப மரியாதையாக, "நகப்பூச்சா சார்?" என்று கேட்டான்.

வெர்லீன் திரும்பி வந்து தட்டை மேஜையில் வைத்தாள். சமையலுக்குக் கட்டியிருந்த இடுப்புத் துணியின் பையிலிருந்து எதையோ எடுத்து என் முன்னால் வைத்தாள். நாலு இதழாக விரிந்த செம்பு. முழுசாக இருந்தது.

"அந்தப் பக்கத்துத் தோலுக்கு அடியில மாட்டிட்டு இருந்துச்சு. அன்னிக்கே எடுத்துட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நாளா…"

"நீயா எப்ப சொல்றேன்னு பார்த்தேன்."

ரோண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டது அழுது இல்லை, சிரிப்பை அடக்க முடியாமல் என்பது அப்போதுதான் புரிந்தது. எமிலுக்குக் காது நன்றாகவே கேட்டிருந்தது. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ஆளாளுக்குப் பரிமாறிக்கொண்டார்கள்.

போகட்டும். மானம்தானே போனது, சாசேஜ் இருக்கிறதே. ஒரு துண்டை வாயில் போட்டேன். வெண்ணெயாகக் கரைந்தது. 'டிங்' இல்லை. இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டேன். என்ன இருந்தாலும் என் கையால் விழுந்த பன்றி. கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

"என்ன சொல்லு வெர்லீன், அந்தக் கிழட்டு மேயரோட கறி இவ்வளவு பூப்போல இருக்கும்னு நான் எதிர்பார்க்கவே இல்லை."

"மேயரா? அந்த நாத்தம் புடிச்சதை யாரு தின்பா? அன்னிக்கே எமில் புதைச்சுட்டான்" என்றாள் வெர்லீன், என் தட்டில் இன்னொரு துண்டை வைத்தபடி. "இது கடையில வாங்கின வான்கோழி."